இழைப்பு இயந்திரமும் இல்லத்துப் பட்டறையும்

(குடவாசலில் கூடிய நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எம்மை இன்று பேசப் பணித்த காரியதரிசியவர்கள், "ஐயா, இம்முறை இலக்கியம் வேண்டா, இழைப்பு மிஷினைப் பற்றிப் பேசுங்கள்" என்று கூறினார்கள். அவையில் சிலர் நகைப்பது எமக்குத் தெரிகின்றது. குடவாயிற் கீரத்தனார் என்னும் சங்கப் புலவரைத் தந்த இவ்வூரில், தமிழ் கற்பிக்கும் ஒருவன் இயந்திரத்தைப் பற்றி என் சொல்வான் என்று நீங்கள் ஐயுறுதல் இயல்பே. ஆயினும் யாம் பள்ளிக்கூடத்துப் பலகையைக் காணுமுன்னர்ப் பட்டறைப் பலகையைக் கண்டவர்கள். எம் தந்தையாருடைய இழைப்புளியிலிருந்து வீழ்ந்த சுருள்களின்மேல் தவழ்ந்து வளர்ந்தோம். இன்றும் விடுமுறை நாட்களில் கொல்லைப்புறத்துக் கொட்டகையில் மணையும் பெட்டியும் செய்து வருகின்றோம். அன்றியும், சில திங்களாக நம் அங்கத்தினர் இல்லங்கள் பலவற்றிலிருந்து, "திக்னெஸ் பிளேனர் ஒன்று வாங்கலாமா? எது வாங்கலாம்? கடன் பெற்று வாங்கலாமா?" என்னும் வினாக்கள் எம்பால் வந்தவண்ணம் உள்ளன. அவற்றிற்கெல்லாம் ஒருங்கே விடையிறுத்தல் நன்றென்று கருதியே இங்கு நிற்கின்றோம்.

முதற்கண் 'இழைத்தல்' என்னும் சொல்லைச் சிறிது நோக்குவோம். மரத்தை இழைக்கின்றோம், சந்தனத்தை இழைக்கின்றோம், பொன்னில் மணியை இழைக்கின்றோம், குளவி கூடு இழைக்கின்றது, தீயவன் தீங்கு இழைக்கின்றான். ஆக்கத்திற்கும் கேட்டிற்கும் ஒரு சொல்லே நின்று பயன்படுகின்றது. இயந்திரமும் அத்தகையதே. அறிந்து வாங்கினார்க்கு ஆக்கம் இழைக்கும். அறியாது வாங்கினார்க்குக் கேடு இழைக்கும்.

கடைக்குச் சென்று 'பிளேனர்' என்று கேட்பின், மூன்று வேறு பொருள்களுள் ஒன்றைக் காட்டுவர். அம்மூன்றின் வேறுபாட்டை அறியாமையே வீண்செலவுக்கு முதற் காரணம். முதலாவது, கையிற் பிடித்து மரத்தின்மேல் ஓட்டுவது. அதன் அலகு பெரும்பாலும் 82 மில்லிமீட்டர், அஃதாவது மூன்றேகால் அங்குல அகலம் உடையது. கதவின் விளிம்பு பிடித்தால் ஒதுக்குவதற்கும், சட்டங்களைச் சீவுவதற்கும் அது போதும். இரண்டாவது, மேசை வடிவினது. அலகு கீழே சுழல, மரத்தை அதன்மேல் நாம் தள்ளுகின்றோம். வளைந்த மரத்தின் ஒரு முகத்தை நேராக்குவது இதன் தொழில். மூன்றாவதே இன்று யாம் பேசப் புகுந்த கன இழைப்பு இயந்திரம். இதில் மரம் கீழே மேசைமேற் கிடக்கும். அலகு மேலே சுழலும். அலகிற்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு உருளைகள் மரத்தை அழுத்திப் பிடித்துத் தாமே இழுத்துச் செல்லும். பலகை முழுவதையும் ஒரே கனத்திற்குக் கொண்டுவருவது இதன் தொழில்.

உருளைகள் மரத்தை ஊட்ட, சுழலும் அலகு சீவும் இம்முறை புதிதன்று. அமெரிக்காவில் வில்லியம் உட்வொர்த் என்பவர் 1828-ஆம் ஆண்டில் இத்தகைய இயந்திரத்திற்குத் தனியுரிமை பெற்றார். அவ்வுரிமை நீட்டிக்கப்பெற்று 1856 வரை நிலவியது. அதன் பின்னரும் நெடுங்காலம் இது ஆலைகளிலே நிற்கும் பேரிரும்புப் பொருளாகவே இருந்தது. 1980-களின் நடுவில் ஜப்பானிய நிறுவனமாகிய ரியோபி, பத்து அங்குல அகலத்தில், ஒருவர் தூக்கக்கூடிய இயந்திரம் ஒன்றை விற்பனைக்குக் கொணர்ந்தது. அதன் பின்னரே இது வீட்டுப் பட்டறைக்குள் நுழைந்தது.

இனி, எமக்கு நேர்ந்த ஒரு பிழையைச் சொல்லுகின்றோம். 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் கரை கடந்த கஜாப் புயலை நம்மவர் ஒருவரும் மறந்திரார். அப்புயலில் எம் உறவினர் தோட்டத்துப் பலாமரம் ஒன்று வேரோடு சாய்ந்தது. அதனை அறுத்து, ஒன்றரை அங்குலக் கனமுள்ள பலகைகளாக்கிக் கொட்டகையில் அடுக்கினோம். ஆண்டுகள் சில சென்றபின் கன இழைப்பு இயந்திரம் ஒன்றை வாங்கினோம். பலகைகளுள் ஒன்று முறுக்கேறி, ஒரு மூலை தூக்கியிருந்தது. 'இயந்திரந்தான் வந்துவிட்டதே' என்னும் துணிவால் அதனை அப்படியே உள்ளே விட்டோம். மேற்பக்கம் கண்ணாடி போல் வந்தது, புரட்டி விட்டோம், அப்பக்கமும் கண்ணாடி போல் வந்தது. மேசைமேல் வைத்தால் பலகை ஆடிற்று. மீண்டும் விட்டோம், மீண்டும் ஆடிற்று. பன்னிரண்டு நூல் கனம் ஆறு நூலாகக் குறைந்தது. பாதி மரம் சுருளாய்க் கிடந்தது. முறுக்கோ, வந்தபடியே இருந்தது.

அப்பொழுது எம் தமக்கையாரின் கணவர், ஐம்பது ஆண்டுகளாகக் கையால் இழைத்தவர், திண்ணையிலிருந்து எழுந்து வந்தார். பலகையை எடுத்து ஒரு கண்ணை மூடி நோக்கினார். "மச்சான், மிஷினுக்குக் கனந்தான் தெரியும், நேர் தெரியாது" என்றார்.

இன்றைய பேச்சின் உயிர் அவ்வொரு சொல்லிலே அடங்கியுள்ளது. உருளைகள் அழுத்தும்பொழுது வளைந்த பலகை தட்டையாய்ப் பணிகின்றது. அந்நிலையில் அலகு அதனைச் சீவுகின்றது. உருளையை விட்டு நீங்கியதும் பலகை தன் பழைய வளைவிற்கு மீளுகின்றது. கீழ்முகம் எவ்வாறு உள்ளதோ அவ்வாறே மேல்முகத்தையும் இயந்திரம் ஆக்கித் தரும். கீழே கோணல் இருப்பின் மேலேயும் கோணலே. ஆகவே முதலில் ஒரு முகத்தை நாம் நேராக்கித் தருதல் வேண்டும். நேரான மட்டக்கோல் இரண்டைப் பலகையின் இரு தலைப்புகளிலும் குறுக்கே வைத்து, ஒன்றன் மேலாக மற்றொன்றை நோக்கினால் முறுக்கு வெளிப்படும். உயர்ந்த மூலைகளைக் கரியால் குறித்து இழைப்புளியால் இறக்குக. மழமழப்பு வேண்டுவதில்லை, மேசைமேல் ஆடாதிருந்தால் போதும். அம்முகத்தைக் கீழாக வைத்து இயந்திரத்திற் செலுத்துக. இழைப்புளி பழகாதோர், தட்டையான அடிப்பலகை ஒன்றின்மேல் வளைந்த பலகையை வைத்து, தூக்கிய மூலைகளுக்கு அடியில் ஆப்புகளைச் செருகி, அசையாமல் ஒட்டி, இரண்டையும் ஒருங்கே செலுத்தலாம். மேல்முகம் நேரானபின் புரட்டிக்கொள்ளலாம்.

இனித் தேர்வைப் பற்றிக் கூறுவோம். வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வள்ளுவனார், ஒரு செயலைத் தொடங்குவோன் நால்வகை வலியை ஆராய்தல் வேண்டும் என்று அறிவுறுத்தினார். வேலையின் வலி, தன்னுடைய வலி, எதிர்நிற்போனுடைய வலி, துணைநிற்போருடைய வலி என்பன அவை. அரசர்க்குச் சொன்னதாயினும் இது ஆசாரிக்கும் பொருந்தும்.

முதலாவது, வேலையின் வலி. நீவிர் செய்வது யாது? சன்னற் சட்டமும் கதவு நிலையும் மட்டுமாயின், நான்கு அங்குல அகலத்திற்கு மேற்பட்ட மரம் அரிதே வரும். கையில் ஓட்டும் கருவியே போதும். ஆண்டிற்கு ஒரு கட்டில் செய்வோரும் இதனை வாங்க வேண்டா; கூலி கொடுத்து மரவாடியில் இழைத்துவரலாம். ஊஞ்சற்பலகை, அலமாரித் தட்டு, மேசைப் பலகை, பெட்டி ஆகியவற்றைத் திங்கள்தோறும் செய்வோர்க்கே இது பயன்படும். இவ்வகையில் பெயர் பெற்ற இரண்டைச் சான்றாகக் கூறுவோம். மக்கிட்டா 2012என்பி என்பது 304 மில்லிமீட்டர் அகலம் ஏற்கும், அலகு இரண்டு. டிவால்ட் டிடபிள்யூ735 என்பது 330 மில்லிமீட்டர் அகலம் ஏற்கும், அலகு மூன்று, மரம் செல்லும் வேகத்தையும் இரு நிலையில் மாற்றலாம். இரண்டும் ஏறத்தாழ ஆறு அங்குலக் கனம் வரை ஏற்கும். முதலிற் கூறியதன் தலை நிமிடத்திற்கு 8500 முறை சுழலும். மரம் நிமிடத்திற்கு எட்டரை மீட்டர் செல்லும். கணக்கிட்டால் ஒரு மில்லிமீட்டருக்கு இரண்டு வெட்டு விழும். ஆறடிப் பலகை ஒன்று பதின்மூன்று விநாடியில் கடந்துவிடும். அலகு கூடினும் வேகம் குறையினும் வெட்டுகள் நெருங்கி விழும். முகம் மேலும் மழமழப்பாகும். ஒரு முறைக்கு மூன்று மில்லிமீட்டர், ஏறத்தாழ ஒரு நூல், சீவலாம் என்று விளம்பரத்திற் கண்டு மயங்கற்க. அது குறுகிய மரத்திற்கு. பலகை ஓரடி அகலமாயின் ஒரு மில்லிமீட்டரே அளவு. சிறிது சிறிதாகச் சீவுவதே இயந்திரத்திற்கும் நலம், மரத்திற்கும் நலம்.

இரண்டாவது, தன் வலி. எம் உறவினர் ஒருவர் ஆலை ஒன்றிலிருந்து பெரிய பழைய இயந்திரம் ஒன்றை மலிவென்று கருதி வாங்கி வந்தார். அதற்கு வேண்டியது மூன்று முனை மின்சாரம். அவர் இல்லத்திலோ ஒரு முனையே. அவ்வியந்திரம் இப்பொழுதும் தார்ப்பாயின்கீழ் இருக்கின்றது. அதில் கோழி அடைகாக்கின்றது. கடன் தவணை மட்டும் தவறாமல் ஓடிற்று. வீட்டிற்கு ஏற்ற இயந்திரங்கள் ஒருமுனை மின்சாரத்திற் சுழல்வன. 1650 முதல் 1800 வாட்டு வரை கொள்வன. 230 வோல்ட்டில் இது ஏழு, எட்டு ஆம்பியர் ஆகும். ஆதலின் 5 ஆம்பியர் முனையிற் செருகற்க. 15 ஆம்பியர் முனையும், நிலத்தொடர்பும், தடித்த கம்பியும் வேண்டும். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொணர்வதாயின், அது 120 வோல்ட்டிற்குச் செய்ததா என்று முதலிற் கேளுங்கள். இடத்தையும் அளந்து பாருங்கள். ஆறடிப் பலகைக்கு முன்னே ஆறடியும் பின்னே ஆறடியும் வேண்டும். திண்ணையின் நீளம் போதாதாயின் கொல்லைதான் கதி. எடையோ, முன்னது ஏறத்தாழ 28 கிலோ. பின்னது 40 கிலோவுக்கு மேல். வேலை முடிந்ததும் தூக்கி வைக்க வேண்டிய இல்லத்தில் இவ்வேறுபாடு சிறிதன்று. ஓசையும் பெரிது. அண்டை வீட்டில் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை இருப்பதை, ஆசிரியராகிய யாம் உங்களுக்கு நினைவூட்டாமல் விடலாகாது.

மூன்றாவது, எதிர்நிற்போன் வலி. இங்கு எதிர்நிற்பது மரமே. அகத்தே வயிரமுடையதை மரமென்றும், புறத்தே வயிரமுடையதைப் புல்லென்றும் தொல்காப்பியர் பகுத்தார். அவ்வகத்து வயிரத்தின் இயல்பு மரத்திற்கு மரம் வேறு. தேக்கில் மணற்சத்து கலந்திருத்தலின் அலகு விரைவில் மழுங்கும். வேம்பில் நார் முன்னும் பின்னுமாய்ப் பின்னிச் செல்லும். எவ்வாறு செலுத்தினும் ஓரிடத்திலேனும் பிய்யும். பலகையின் பக்கவாட்டில் நாரோட்டத்தைக் கண்டு, அலகு நாரைத் தூக்காமல் தடவிச் செல்லும் திசையில் விடுதல் வேண்டும். ஈரத்தையும் எண்ணுக. நம் காவிரி நாட்டில் ஐப்பசி கார்த்திகை அடைமழையில் மரம் நீரை உண்ணும். சித்திரை வெயிலில் உமிழும். அறுத்த ஈரம் உலராத பலகையை இழைத்தால், மறுவாரமே கோணும். இருபக்கமும் ஒத்த அளவில் சீவி, இடையே சட்டம் வைத்து அடுக்கி, ஒரு வாரம் விட்டு, மீந்த அரைநூலை அப்புறம் சீவுக. எல்லாவற்றினும் கொடிய பகை ஆணி. பழைய ஓட்டுவீடுகளைப் பிரித்த தேக்கு நமக்கு எளிதிற் கிடைக்கின்றது; அருமையான மரம். அதனுள் ஒடிந்து மறைந்த ஓர் ஆணி, புதிய அலகைப் பல்லுப் பல்லாய்ப் பெயர்த்துவிடும். காந்தத்தால் தடவிப் பாராமல் பழமரத்தை உள்ளே விடாதீர்.

நான்காவது, துணைநிற்போர் வலி. அலகு மழுங்கினால் மாற்று அலகு கும்பகோணத்திலேனும் தஞ்சையிலேனும் கிடைக்குமா? மின்னோடியின் கார்பன் தேய்ந்தால் மாற்றித் தருவார் உளரா? இவ்விரு வினாவிற்கும் 'ஆம்' என்னும் விடை கிடைத்த பின்னரே விலையைக் கேளுங்கள். அலகில் மூவகை உண்டு. இருபக்கமும் கூருடையதாய், மழுங்கினால் திருப்பிப் போட்டுப் பின்பு எறிவது ஒன்று. சாணை பிடித்து மீண்டும் பயன்படுத்துவது மற்றொன்று. சிறு சிறு சதுரக் கடினவுலோகத் துண்டுகளைத் திருகுசுற்றில் பதித்தது பிறிதொன்று. மூன்றாவது வகை ஓசையும் பிய்த்தலும் குறைந்தது. ஆணியில் ஒன்றிரண்டு துண்டு பழுதானாலும் அவற்றை மட்டும் திருப்பிக்கொள்ளலாம். விலை மட்டும் மிகுதி. நாள்தோறும் தொழில் செய்வோர்க்கு அது தகும். விடுமுறையில் செய்வோர்க்கு முதல் வகையே போதும்.

பலகையின் இரு முனைகளிலும் சிறு குழி விழுதலைப் பலரும் இயந்திரத்தின் பழுது என்று எண்ணுகின்றனர். உள்ளே நுழையும்பொழுதும் வெளியேறும்பொழுதும் இரண்டு உருளைகளுள் ஒன்றே பலகையைப் பற்றியிருக்கும்; அப்பொழுது முனை சிறிது எழும்பி அலகிற்கு இரையாகின்றது. முன்னும் பின்னும் மேசை நீட்டத்தை மட்டமாக அமைத்து, பலகையைக் கையால் ஏந்திப் பிடித்தால் இது பெரிதும் குறையும். எனினும், நான்கு அங்குலம் மிகுதியாகவே மரத்தை அறுத்து வைத்துப் பின்னர்த் தறித்தல் நன்று.

காவலைப் பற்றிச் சில சொற்கள். இயந்திரத்தின் நேரெதிரே நில்லாமல் ஒருபுறமாக நில்லுங்கள். பலகை பின்னோக்கிப் பாய்தலும் உண்டு. ஓரடிக்குக் குறைந்த துண்டுகளை விடாதீர். உருளைகள் இரண்டும் அதனைப் பற்றமாட்டா. தோளில் துண்டு போட்டுக்கொண்டு நிற்றலும், தொங்கும் வேட்டி நுனியும் ஆகா. சுருள் அடைத்தால் முதலில் மின்செருகியைப் பிடுங்குக; பின்னரே கை வைக்க. மரத்தூள் மனிதர்க்குப் புற்றுநோய் விளைப்பது என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1995-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் முடிவு கூறியுள்ளது. ஆதலின் மூக்கிற்குக் கவசமும், செவிக்கு அடைப்பும் இல்லாமல் இத்தொழிலில் இறங்கற்க. நம் முன்னோர் இழைப்புளியிலிருந்து வீழ்ந்தது சுருள்; அதனைக் கூட்டி அடுப்பிலிட்டனர். இயந்திரத்திலிருந்து பறப்பது துகள். அது நுரையீரலுட் புகும்.

இறுதியாகக் கடனைப் பற்றி உரைப்போம். முன்னர்க் கூறிய எம் அத்தானுடைய மகன், எமக்கு மருமகன், தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்தவன். திருப்பூருக்குச் செல்ல மூட்டை கட்டியிருந்தான். "மாமா, அப்பாவின் தோள் போய்விட்டது. இழைப்பதற்கு வேறோர் ஆள் வைத்தால் கூலியே வருமானத்தை விழுங்குகின்றது. ஒரு மிஷின் இருந்தால் நான் இங்கேயே இருப்பேன்" என்றான். தமிழ்நாட்டரசு 2024-ஆம் ஆண்டிறுதியில் வகுத்த கலைஞர் கைவினைத் திட்டத்தில், மரவேலை உட்பட 25 தொழில்களுக்கு மூன்று லட்சம் ரூபாய் வரை கடனும், அதில் நூற்றுக்கு 25 வீதம் 50,000 ரூபாய்க்கு மேற்படாத மானியமும் என்று விதி அமைந்தது. பிறந்த குலம் அதில் வினவப்படவில்லை. அது நேரிதே என்பது எம் கருத்து. தொழில் கையைச் சார்ந்ததேயன்றிக் குலத்தைச் சார்ந்ததன்று. எம் வகுப்பில் எவ்வீட்டுப் பிள்ளை உளி பிடிக்க விரும்பினும் யாம் கற்பித்தே வருகின்றோம். ஆனால், 35 வயது நிரம்பியோர்க்கே அவ்வுதவி என்று வரையறுத்திருந்தமையால், தந்தை பெயரில்தான் விண்ணப்பிக்க இயலும். அவரோ கையெழுத்திட மறுத்தார்.

கடனுக்கு அஞ்சுகின்றார் என்றே யாம் எண்ணியிருந்தோம். உண்மை அதுவன்று. 'இயந்திரம் வந்தால் ஐம்பது ஆண்டு பழகிய கை வேண்டாததாகிவிடும். தம் பிள்ளையின் பட்டறையில் தமக்கு இடமில்லை' என்பதே அவருடைய உள்ளத்தில் கிடந்த அச்சம். எம் பலாப்பலகை ஆடிய அந்நாளில் அவ்வச்சம் நீங்கிற்று. ஆடும் பலகையை இரண்டு முறை புரட்டிப் பார்த்தவர், ஒன்றும் கூறாது இல்லத்திற்குச் சென்று, மறுநாள் கையெழுத்திட்டார். அப்பொழுதும் யாம் மூன்று லட்சத்தையும் வாங்கவிடவில்லை. கையில் உள்ள வேலையையும் தவணையையும் ஒரு தாளில் எழுதி, திங்களுக்கு எத்தனை பலகை இழைத்தால் தவணை அடையும் என்று கணக்கிட்டு, அவ்வளவிற்கு ஏற்ற சிறிய இயந்திரத்தையே வாங்கச் செய்தோம்.

இப்பொழுது அப்பட்டறைக்குச் செல்வோர் காண்பது இது. தந்தை மோடாவில் அமர்ந்து, இரண்டு மட்டக்கோல்களை வைத்து ஒரு கண்ணை மூடி நோக்கி, கரியால் இரண்டு கோடு இழுப்பார். மகன் அவ்விடத்தை மட்டும் இழைப்புளியால் இறக்கி, இயந்திரத்திற் செலுத்துவான். மூட்டை அவிழ்க்கப்பெற்றது, திருப்பூர்ப் பயணம் நின்றது. தந்தையின் கண்ணும் மகனுடைய இயந்திரமும் சேர்ந்து ஒரு தொழிலாயின.

ஆகவே, அன்பர்களே, இயந்திரம் வாங்குமுன் இல்லத்தில் நேர் பார்க்க வல்லார் ஒருவர் உளரா என்று பாருங்கள். உளராயின், அவரிடம் பிள்ளைகளை ஒரு திங்களேனும் அமர்த்தி, மட்டக்கோல் பார்க்கப் பழக்குங்கள். இலராயின், நம் சங்கத்திலேயே அத்தகைய முதியோர் பலர் இருக்கின்றனர். அவர்களை அழைத்து ஞாயிறுதோறும் நம் பிள்ளைகளுக்கும், விரும்பி வரும் பிற பிள்ளைகளுக்கும் கற்பிக்கச் செய்யலாம். இதற்கு நம் காரியதரிசியவர்கள் ஆவன செய்தல் வேண்டுமென்று இவ்வவையில் வேண்டிக்கொள்ளுகின்றோம். கனத்தை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். நேரைப் பார்ப்பது நம் கடன்.